கடைசி இரண்டு பெட்டிகள்

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, சிட்னியின் மேற்குக் கோடியில் இருக்கும் குவேக்கர்ஸ் ஹில் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தோள்பை, ஒரு குடை, மகள் கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம். மகள் வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. இந்த நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் நடக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். என் காதுக்குத்தான் ஒன்றும் எட்டவில்லை. ஒலிபெருக்கி இல்லை, ஊர்வலம் இல்லை, சுவரில் ஒரு சொட்டுச் சாயம் இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளும் மருமகனும் பால் வாங்கப் போகிற வழியில், முன்கூட்டியே வாக்களிக்கத் திறந்திருந்த இடத்துக்குள் நுழைந்து வோட்டுப் போட்டுவிட்டுப் பாலோடு வந்து சேர்ந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதாம்மா. போடலைன்னா இருபது டாலர் ஃபைன்" என்றாள் மகள், பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபடி.

எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. தேனிப் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலைக்கு என்னைத்தான் முதலில் போடுவார்கள். பெட்டியும் மையும் ஏஜென்ட்டுகளின் சண்டையுமாகப் பழகிய உடம்பு இந்த நிசப்தத்தைத் தாங்கவில்லை. வீட்டுக்குள் நடந்தேன், வாசலில் நடந்தேன், பக்கத்துப் பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அப்போதுதான் மெல்பேர்னிலிருந்து தயாபரன் போன் செய்தார். மகள் படிக்கிற காலத்தில் அவர் வீட்டில்தான் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடம் முன்பே இங்கே வந்து குடியுரிமை வாங்கியவர்.

"அக்கா, இஞ்ச வாங்கோவன். எங்கட வீட்டில எலெக்ஷன் நடக்குது. நானும் தம்பியும் நாலு நாளாக் கதைக்கிறேல்ல" என்றார். வேறென்ன வேண்டும் எனக்கு? மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டேன்.

ரயில் கட்டணம் போதாதென்று, விமான நிலையத்து ரயில் நிறுத்தத்தின் வாயிலைத் தாண்டுவதற்கே தனியாகப் பதினேழு டாலருக்கு மேல் பிடுங்கிக்கொண்டார்கள். வயிறு எரிந்தது. விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பக்கத்து இருக்கையில் மின்தூக்கி பழுதுபார்க்கும் ஒருவர், சிவந்த கை, நல்ல சிரிப்பு. யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டேன். "அந்த இரண்டு பேரில் ஒருவர்" என்றார். "நான் பிறந்ததிலிருந்து அந்த இரண்டு பேரில் ஒருவர்தான்." அத்தோடு தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உறங்கிப்போனார்.

மெல்பேர்ன் விமான நிலையத்திலிருந்து தயாபரன் வீடு இருக்கும் மல்கிரேவ் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். வழியெல்லாம் வீட்டு வேலிகளில் வேட்பாளர்களின் முகங்கள், ஒன்று சிவப்புப் பலகையில், அடுத்தது நீலப் பலகையில். நடுநடுவே சின்னக் கட்சிகள், சுயேச்சைகள். கட்சிப் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. சிவப்பு, நீலம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன சண்டை என்று கேட்டதற்குத் தயாபரன், "வீட்ட வாங்கோ, பார்ப்பியள்" என்று மட்டும் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் உட்கார்ந்திருந்தேன்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் விஷயம் வெளியே வந்தது. தயாபரனின் தம்பி காந்தனுக்கு முப்பத்தெட்டு வயது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் படகில் வந்தவன். அகதி மனு நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடு, மறுபடி மனு என்று அலைந்து, இன்றுவரை தற்காலிக விசாவில் இருக்கிறான். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். டான்டினோங்கில் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான், வரி கட்டுகிறான். வோட்டு மட்டும் கிடையாது. தயாபரன் அவனுக்காக இந்த முறை ஒரு முடிவெடுத்திருந்தார்.

அது புரிய, இங்கே வோட்டுப் போடும் முறை புரிய வேண்டும். தயாபரன் விளக்க ஆரம்பித்துத் தானே சிக்கிக்கொண்டார். அவர் மனைவி சுகந்தி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"அக்கா, உங்களை நான் மீன்கடைக்கு அனுப்புறன் எண்டு வையுங்கோ. விளைமீன் வாங்குங்கோ, இல்லாட்டிப் பாரை, அதுவும் இல்லாட்டிச் சூடை எண்டு சொல்லிவிடுறன். விளைமீன் இல்லையெண்டா நீங்கள் வெறுங்கையோட வருவியளே? அடுத்ததை வாங்குவியள். இஞ்சயும் அப்பிடித்தான். எல்லாப் பேருக்கும் முன்னால இருக்கிற பெட்டியில ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கம் போடவேணும். குறைய எடுத்த ஆளை வெட்டிப்போட்டு, அவற்றை வோட்டுகளை அடுத்த இலக்கத்துக்குக் குடுப்பினம்."

"எதுவரைக்கும்?"

"ரெண்டு பேர் மிஞ்சுமட்டும். எங்கட தொகுதியில கடைசியில மிஞ்சுற ரெண்டு மீனும் எப்பவும் ஒண்டுதான். சிவப்பும் நீலமும்."

"அந்த ரெண்டுதான் எனக்குச் செமிக்காதது" என்றார் தயாபரன். "ரெண்டு பேரின்ர ஆட்சியிலும் இவன்ர ஃபைல் அசையேல்லை. பிறகு என்னத்துக்கு நான் அவைக்கு இலக்கம் போட? சுயேச்சையா நிக்கிற அந்த நேர்ஸ் மனுஷிக்கு ஒண்டு போடுவன். மற்றச் சின்ன ஆக்களுக்கும் போடுவன். இவை ரெண்டு பேரின்ர பெட்டியையும் வெறுமையா விடுவன்."

ஒரு பெட்டி வெறுமையாக இருந்தால், அதுதான் கடைசி இலக்கம் என்று எடுத்துக்கொள்வார்களாம். இரண்டு வெறுமையாக இருந்தால் முழு வாக்கும் செல்லாது. தயாபரனுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்யப் போகிறார்.

காந்தன் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தான். "அண்ணி, அந்த ரெண்டில ஒண்டுதான் என்ர மனுவைப் பார்க்கப்போகுது" என்றான், சுகந்தியைப் பார்த்து. அண்ணனோடுதான் பேச்சு இல்லையே. "வோட்டு இருக்கிற ஆள் அதைக் குப்பையில போட்டா, இல்லாத நான் என்ன செய்ய?"

"உனக்காகத்தானே செய்யிறன்!" என்று தயாபரன் கத்தினார். காந்தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டான்.

எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது. தயாபரனின் ரோஷம் எனக்குப் புரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். எங்கள் ஊரில் யாரையும் பிடிக்காதவர்களுக்கு இயந்திரத்தின் கடைசியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திவிட்டு நிம்மதியாக வெளியே வரலாம். இங்கே அந்த வசதி இல்லை. வரிசைப்படுத்து என்கிறார்கள். பிடிக்காதவர்களையும், எவரை அதிகம் பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போ என்கிறார்கள். பெரிய இம்சை அது.

வெள்ளிக்கிழமை பகலில் வீட்டில் இருக்க முடியாமல் காந்தனோடு கிளம்பினேன். அவன் பட்டறையில் இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தான். நேர்ஸ் அம்மாளுக்காக, முன்கூட்டி வாக்களிக்கும் நிலையத்துக்கு வெளியே நின்று அட்டை கொடுக்கிற வேலை. எந்தப் பெட்டியில் எந்த இலக்கம் போட வேண்டும் என்று ஒவ்வொரு கட்சியும் அட்டை அடித்துக் கொடுக்கிறது. இதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் வாசலிலிருந்து ஆறு மீட்டருக்குள் வரக்கூடாது. நடைபாதையில் அதற்கு ஒரு கோடு கிழித்திருந்தார்கள். நேர்ஸ் அம்மாளின் அட்டையில், 'எனக்கு 1 போடுங்கள், மற்றப் பெட்டிகளை உங்கள் மனம்போல் நிரப்புங்கள், ஒன்றையும் விடாதீர்கள்' என்று மட்டும் இருந்தது.

"இந்த அம்மாவாவது யாரை முன்னாடி போடணும்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா ரெண்டில ஒரு பக்கம் சாய்ஞ்சா எண்டு ஆகிப்போடும் அக்கா. அவவுக்கும் அண்ணைக்கு வந்த வருத்தம்தான்" என்று சிரித்தான் காந்தன்.

அவனுக்கு இடப்பக்கம் சிவப்புச் சட்டைக் கிழவர் ஒருவர், வலப்பக்கம் நீலச் சட்டைப் பெண்மணி. தூறல் விழுந்தபோது கிழவர் தன் குடைக்குள் நீலச் சட்டைக்கும் இடம் கொடுத்தார். யாராவது வந்தால் மூவரும் ஒரே நேரத்தில் அட்டையை நீட்டுவார்கள். வந்தவர் போனதும் மூவரும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசுவார்கள். எங்கள் ஊரில் இப்படி நின்றால் சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சியிலிருந்தும் நீக்கியிருப்பார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. கூடவே, இவர்களுக்கு இது இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று பொறாமையாகவும் இருந்தது.

ஒரு தமிழ்ப் பெரியவர் வந்தார். காந்தனிடம் அட்டை வாங்கிக்கொண்டு, "நீர் போட்டிட்டீரோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை அங்கிள்" என்றான் காந்தன். அந்த 'இன்னும்' என் மனதைக் குடைந்தது.

சாயங்காலம் எல்லாருமாகக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். சுகந்தி காந்தன் பேருக்கு அர்ச்சனை செய்தாள். தயாபரன் பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், நானும் கூடவே சுற்றினேன். வெளியே வந்தால் எங்கள் கார்க் கண்ணாடியில் இரண்டு துண்டுப் பிரசுரங்கள். இரண்டிலும் 'வணக்கம்' தமிழில் அச்சிட்டிருந்தது. இரண்டிலும் உங்கள் சமூகத்தோடு நிற்கிறோம் என்று இருந்தது. நிறம் மட்டும் வேறு. தயாபரன் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டினார். காந்தன் அவர் கையிலிருந்து வாங்கி, நீவி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். 

சனிக்கிழமை வாக்குப்பதிவு. காலை எட்டு மணிக்கெல்லாம் பக்கத்து ஆரம்பப் பள்ளி வாசலில் இருந்தோம். கல்யாண வீட்டு வாசல்போலப் புகையும் வெங்காய வாசனையும். பெற்றோர் சங்கத்தார் சாசேஜ் என்கிற இறைச்சிக் குழலை வாட்டி, ரொட்டியில் மடித்து நான்கு டாலருக்கு விற்றார்கள். தேர்தலன்று அதைத் தின்னாவிட்டால் வோட்டுப் போட்ட மாதிரியே இருக்காதாம். இறைச்சி தின்னாத எனக்கு வெறும் வெங்காயம் வைத்துக் கொடுத்தார்கள், அதற்கு இரண்டு டாலர். நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர், இரவு உடையோடு ஒரு பெண், முதுகில் குழந்தையோடு ஒரு சீனத் தகப்பன். மண்டப வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அட்டைத் தடுப்புகள், நூலில் கட்டிய பென்சில்கள். பென்சில்! விரலில் மை கிடையாது, அடையாள அட்டை கேட்பது கிடையாது. பெயரைக் கேட்டு, இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். இல்லை என்றால் சரி என்கிறார்கள். என் உள்ளங்கை அரித்தது. உள்ளே போய் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, நானே ஒழுங்குபடுத்திவிடலாம் போல இருந்தது.

காந்தன் ஆறு மீட்டர்க் கோட்டுக்கு வெளியே அவன் இடத்தில் நின்றான். சுகந்தி ஒரு நொடியில் வோட்டுப் போட்டுவிட்டு வந்து ரொட்டி வாங்கப் போய்விட்டாள். தயாபரன் மட்டும் வரிசையில் நின்றார், வெளியே வந்தார், காப்பி குடித்தார், மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். அந்த மனிதர் தவிப்பதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. அருகில் போய், "தயாபரன், உங்களுக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு போட்டுட்டு வாங்க. இல்ல, தம்பி சொல்றதைக் கேளுங்க. இப்படி நடுவுல நிக்காதீங்க" என்றேன்.

அவர் உள்ளே போனார். பத்து நிமிடம் ஆயிற்று, வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பச்சை வாக்குச்சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாக்குப்பெட்டியின் முன்னால் நின்றிருந்தார். பின்னால் இருந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தங்கள் சீட்டைப் போட்டார்கள். பிறகு அவர் திரும்பி மேசைக்கு நடந்தார். அங்கிருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சீட்டைக் கொடுத்தார். அவள் அதை வாங்கி ரத்து செய்து உறையில் போட்டு வைத்துவிட்டு, புதிய சீட்டு ஒன்றை எடுத்தாள். தயாபரன் வாங்காமல் வாசலைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். சீட்டு இங்கேயே இருக்கட்டும், நீங்கள் போய்வாருங்கள் என்பதுபோல.

வெளியே வந்தவர் நேராகக் கோட்டைத் தாண்டித் தம்பியிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். இதைத் தவறவிடுகிற ஆள் நானில்லை.

"பழுதாக்கிப்போட்டன் எண்டு சொல்லி வேற பேப்பர் கேட்டிருக்கிறன்" என்றார் தயாபரன். மூச்சு வாங்கியது. "ரெண்டையும் வெறுமையா விட்டு மடிச்சுப்போட்டன். பெட்டியில போடக் கை வரேல்லை. உனக்காக அவையோட கோவப்பட்டுக்கொண்டு உன்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். கடைசி ரெண்டு பெட்டியிலயும் எதை முன்னுக்குப் போட? நீ சொல்லு. நான் போடுறன்."

காந்தன் அட்டைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, அது உங்கட வோட்டு."

"முதல் அஞ்சும் என்ர. கடைசி ரெண்டும் உன்ர. சொல்லு."

காந்தனின் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கும்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது.  நேற்று மடித்து வைத்த இரண்டு பிரசுரங்களும் எந்தச் சட்டைப் பையிலோ, யாருக்குத் தெரியும். அவன் அவற்றைத் தேடவில்லை. பதின்மூன்று வருடமாக எழுதிய மனுக்களையும் வந்த பதில்களையும் மனதுக்குள் புரட்டினானோ என்னவோ, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் மொழி புரியாமல் எங்களைப் பார்த்தார்கள். பிறகு அவன் அண்ணனின் காதருகே குனிந்து ஒரு நிறத்தைச் சொன்னான். நான் ஒரு கை தூரத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது. எந்த நிறம் என்று எழுதமாட்டேன். முப்பது வருடம் வாக்கின் இரகசியத்தைக் காத்த வேலை என்னுடையது, அவனுடைய வாக்கை மட்டும் வெளியே சொல்வேனா?

"வடிவா யோசிச்சியோ?" என்றார் தயாபரன்.

"பதின்மூண்டு வருஷமா யோசிச்சனான்" என்றான் காந்தன்.

தயாபரன் உள்ளே போய், இந்த முறை இரண்டே நிமிடத்தில் வந்தார். நால்வரும் வெங்காய ரொட்டி தின்றோம். காந்தன் ஒரு வாய் கடித்துவிட்டு, "இப்பத்தான் இதின்ர ருசி விளங்குது" என்றான். அண்ணனும் தம்பியும் ஒரு வாரத்துக்குப் பிறகு சாதாரணமாகப் பேசியது அந்த ரொட்டியின் உப்பைப் பற்றித்தான். சுகந்தி இரண்டு பேரையும் முறைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. தொலைக்காட்சியில் நாட்டின் முடிவு சீக்கிரமே தெரிந்துவிட்டது, எங்கள் தொகுதிதான் இழுத்துக்கொண்டே போனது. நேர்ஸ் அம்மாள் மூன்றாவதாக வந்து வெட்டுப்பட்டார். அவருடைய சீட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவப்புக்கும் நீலத்துக்கும் பிரிந்துபோயின. அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுச் சீட்டு. காந்தன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, திரையில் எண் மாறும்போதெல்லாம் எழுந்தான். நான் மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். ஞாயிறு முழுவதும் அப்படியே போனது.

திங்கள் பகல் எனக்கு விமானம். காந்தன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். விமான நிலையத்துக்குப் பாதி வழியில் வானொலியில் எங்கள் தொகுதியின் பெயர் வந்தது. அவன் சத்தத்தைக் கூட்டினான். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில், அவன் காதில் சொன்ன நிறம் தோற்றிருந்தது.

எனக்குத்தான் திக்கென்றது. "இனி உன் மனு என்னாகும்?" என்று கேட்டேன்.

"ஆர் வெண்டாலும் நான் அவையிட்டத்தான் போகவேணும் அக்கா. அது நாளைக்கு" என்றான். அவன் குரலில் சோகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

முப்பது வருடத்தில் தோற்றவர்களை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். நாற்காலியை எறிந்தவர்கள், எண்ணியவர்களைத் திட்டியவர்கள், என் மேசையில் தலை வைத்து அழுதவர்கள். எங்கள் ஊரில் பிறந்ததிலிருந்தே கையில் இருப்பதால், தோற்கிற உரிமையை நாங்கள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. காந்தன் புறப்பாட்டு வாசலில் காரை நிறுத்தி, என் பையை இறக்கி வைத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லவேணும்" என்றான். "அக்கா, இந்த நாட்டில நான் முதல் தரமா எலெக்ஷன்ல தோத்திருக்கிறன்."